‘அதெல்லாம் தெரியும் சார்’: தகவல் பாதுகாப்பில் கல்லூரி மாணவர்கள் செய்யும் தவறுகள்

போன வருடம் முதலாமாண்டு வகுப்பில் ஒரு சின்னத் தேர்வு வைத்தேன். பத்துக் கேள்விகள். ஓடிபியை யாரிடமாவது சொல்லலாமா, எல்லாக் கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைக்கலாமா, முன்பின் தெரியாதவர் அனுப்பிய லிங்க்கைத் திறக்கலாமா, இந்த மாதிரி. பாதி வகுப்புக்கு மேல் பத்துக்குப் பத்து. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று வாரம் கழித்து, பத்துக்குப் பத்து வாங்கியவர்களில் ஒருவன் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான். பழைய சைக்கிளை விற்பதற்காக இணையத்தில் விளம்பரம் போட்டிருக்கிறான். வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் போன் செய்திருக்கிறார். “பணம் அனுப்பிட்டேன் தம்பி, இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணா உங்க அக்கவுண்ட்டுக்கு வந்துடும்” என்று ஒரு படம் அனுப்ப, இவனும் ஸ்கேன் செய்து யூபிஐ பின்னைப் போட்டிருக்கிறான். வந்தது ஒன்றுமில்லை, போனது 4,500 ரூபாய்.

“பணம் வாங்கறதுக்கு பின் எதுக்குடா? தேர்வில சரியா எழுதியிருந்தியே?” என்று கேட்டேன்.

“தெரியும் சார். அவர் பேசிக்கிட்டே இருந்தார். டக்குன்னு போட்டுட்டேன்.”

அந்த ‘டக்குன்னு’தான் என் தேர்வில் இல்லாத பாடம். ஒருவருக்கு என்ன தெரியும் என்பதை நான் அளந்தேன். அவர் எப்படிப்பட்டவர், அவசரத்தில் என்ன செய்வார், யாருக்குப் பயப்படுவார், எதற்கு ஆசைப்படுவார் என்பதையெல்லாம் அளக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் கேத்ரின் பார்சன்ஸும் அவருடைய குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஒரு வினாப்பட்டியல் இந்தத் துறையில் பரவலாகப் பயன்படுகிறது. பாஸ்வேர்ட், மின்னஞ்சல், இணையம், சமூக ஊடகம், கையடக்கக் கருவிகள், தகவலைக் கையாளும் விதம், தவறு நடந்தால் புகார் சொல்வது என ஏழு பகுதிகளில் 63 வாக்கியங்கள். ஒவ்வொரு விஷயத்தையும் அது மூன்று தரம் கேட்கும்: உனக்குத் தெரியுமா, அதைப் பற்றி என்ன நினைக்கிறாய், நிஜத்தில் என்ன செய்கிறாய். நான் முதல் கேள்வியோடு நின்றுவிட்டேன். இனி நான் எழுதப்போவது மற்ற இரண்டிலும் நடக்கும் குளறுபடிகளைப் பற்றி. சில மாணவர்கள் செய்வது, சில எங்களைப் போன்ற ஆசிரியர்களும் கல்லூரிகளும் செய்வது.

நமக்கெல்லாம் நடக்காது

1980-இல் நீல் வைன்ஸ்டைன் என்ற அமெரிக்க உளவியலாளர் கல்லூரி மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். உன்னோடு படிக்கிறவர்களோடு ஒப்பிட்டால், நல்லது நடக்கவும் கெட்டது நடக்கவும் உனக்கு எவ்வளவு வாய்ப்பு? நல்ல வேலை, சொந்த வீடு எல்லாம் மற்றவர்களைவிடத் தனக்கு அதிகம் கிடைக்கும், நோயும் விபத்தும் தனக்குக் குறைவாகவே வரும் என்றுதான் பெரும்பாலும் பதில் வந்தது. எல்லோரும் சராசரிக்கு மேலே இருக்க முடியாது என்பது கணக்குத் தெரிந்த யாருக்கும் தெரியும். இருந்தாலும் அப்படித்தான் நினைத்தார்கள். இணைய மோசடி விஷயத்தில் நம் பிள்ளைகளும் இதே ரகம்தான். “ஏமாறறவன் ஏமாளி சார்” என்பான். அந்த ஏமாளிப் பட்டியலில் தன் பெயர் வரும் என்று கனவிலும் நினைக்கமாட்டான்.

அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் 2005 ஏப்ரலில் ஓர் ஆய்வு நடந்தது. மாணவர்கள் சமூக வலைத்தளங்களில் திறந்து வைத்திருந்த தகவல்களை வைத்து, யாருக்கு யார் நண்பர் என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பிறகு நண்பர் பெயரில் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பல்கலைக்கழக பாஸ்வேர்டைக் கேட்கும் போலிப் பக்கத்துக்கு இழுத்தார்கள். முன்பின் தெரியாத பெயரில் போன மின்னஞ்சலுக்கு 16 சதவீதம் பேர் விழுந்தார்கள். நண்பர் பெயரில் போனபோது 72 சதவீதம். தொழில்நுட்பம் படித்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக ஏமாந்தார்கள், அவ்வளவுதான். அவர்களும் தப்பவில்லை.

எங்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகளுக்கென்று தனியாகச் சில தவறுகள் உண்டு, மற்ற துறைக்காரர்களுக்கு அவை தெரியவே தெரியாது. காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளை கிராக் செய்த வடிவில் இறக்குவது, ‘இன்ஸ்டால் செய்யும்போது ஆன்டிவைரஸை அணைத்து வையுங்கள்’ என்று அதில் எழுதியிருந்தால் அதையும் சிரத்தையாகச் செய்வது. மோட் ஏபிகே, அதாவது யாரோ மாற்றியமைத்த ஆப், அதை இறக்குவது. புராஜெக்ட் கோடை எல்லோரும் பார்க்கும்படி கிட்ஹப் என்ற கோடு சேமிக்கும் தளத்தில் ஏற்றும்போது, டேட்டாபேஸ் பாஸ்வேர்டும், வெளிச் சேவைகளைப் பயன்படுத்தத் தரப்படும் ரகசியச் சாவியான ஏபிஐ கீயும் அதற்குள்ளேயே கிடப்பது. அப்படிக் கிடக்கும் கீக்களைத் தேடுவதற்கென்றே தானியங்கி நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பிறகு அந்த வரியை மட்டும் அழித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். பழைய கமிட்டில், அதாவது முன்பு சேமித்த பதிப்பில், அது அப்படியேதான் இருக்கும். கீயை ரத்து செய்து புதிது வாங்குவதுதான் வழி. தெரியாதவன் பயந்து ஒதுங்கி நிற்கும் இடத்தில், தெரிந்தவன் தைரியமாக உள்ளே போய் மாட்டிக்கொள்கிறான்.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு: “என்கிட்ட திருட என்ன சார் இருக்கு? அக்கவுண்ட்ல முந்நூறு ரூபா.” உண்மைதான். ஆனால் திருடுபவனுக்கு வேண்டியது அந்த முந்நூறு ரூபாயாக இருக்க வேண்டியதில்லை. உன் வாட்ஸ்அப் கையில் இருந்தால் உன் அம்மாவிடம் பேசலாம், “அவசரம், பத்தாயிரம் போடும்மா” என்று கேட்கலாம். உன் வங்கிக் கணக்கு கிடைத்தால் வேறு யாரிடமோ பிடுங்கிய பணத்தை அதன் வழியாகக் கடத்தலாம்.

பொண்ணுங்கதான் ஏமாறுவாங்க

ஸ்டாஃப் ரூமில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆதாரமே இல்லாத பேச்சு என்று சொல்லிவிட முடியாது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் 1,001 பேர் கலந்துகொண்டார்கள். போலி மின்னஞ்சலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் விழுந்தார்கள். ஆனால் தொழில்நுட்பப் பயிற்சியும் பழக்கமும் பெண்களுக்குக் குறைவாகக் கிடைத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று அதே ஆய்வு சொல்கிறது. எல்லா வயதுக்காரர்களிலும் அதிகம் ஏமாந்தவர்கள் 18 முதல் 25 வயதுக்காரர்கள், அதாவது நம் கல்லூரி வயது. அதை யாரும் ஸ்டாஃப் ரூமில் சொல்வதில்லை.

என் வகுப்பில் பார்த்ததைச் சொல்கிறேன். பையனுக்குப் பத்தாவது படிக்கும்போதே போன் கிடைத்துவிடுகிறது. அவன் ஏமாந்து, திட்டு வாங்கி, கொஞ்சம் தேறியிருப்பான். பெண்பிள்ளைக்குப் பல வீடுகளில் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் சொந்த போன், அதுவும் அண்ணன் வாரம் ஒருமுறை வாங்கிப் பார்க்கிற போன். இரண்டு பேரின் அனுபவத்துக்கும் இரண்டு மூன்று வருட வித்தியாசம். அதைப் பெண்புத்தி என்று சொன்னால் எப்படி?

2017-இல், முன்பு சொன்ன அதே வினாப்பட்டியலை வைத்து ஆஸ்திரேலியாவில் வேலைக்குப் போகும் 505 பேரிடம் நடத்திய ஆய்வில் வயதும் பாலினமும் பொருட்டாகத் தெரியவில்லை. கருத்தாகக் காரியம் செய்யும் குணம், பிறரோடு ஒத்துப்போகும் குணம், பதறாத மனம், துணிந்து இறங்கிப் பார்க்கும் ஆசை குறைவாக இருப்பது, இவை நான்கும்தான் ஒருவருடைய பாதுகாப்பு விழிப்பைத் தீர்மானிப்பதில் பங்கு வகித்தன.

அந்த இரண்டாவது குணத்தில்தான் எனக்குச் சந்தேகம். ஒத்துப்போகிறவர் விதிகளுக்கு ஒழுங்காகக் கட்டுப்படுவார், அதனால் அலுவலகத்தில் நல்ல மதிப்பெண் வாங்குவார். சரி. மோசடிக்காரன் ஒரு விதியோடு வந்தால்?

சார் சொன்னால் செய்யணும்

நல்ல பிள்ளை என்று நாம் சொல்வது யாரை? சொன்ன பேச்சைக் கேட்பவரை, எதிர்த்துக் கேள்வி கேட்காதவரை, ஓடிவந்து உதவி செய்பவரை. இந்த மூன்று நல்ல குணங்களையும் நம்பித்தான் மோசடித் தொழிலே நடக்கிறது.

அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வாளர்கள் 297 பென்டிரைவ்களை ஆங்காங்கே போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அந்த ஆய்வு 2016-இல் வெளியானது. முதல் பென்டிரைவ் ஆறு நிமிடத்துக்குள் ஒரு கம்ப்யூட்டரில் செருகப்பட்டது. குறைந்தபட்சம் 45 சதவீதத்தில் உள்ளே இருந்த கோப்புகளைத் திறந்துவிட்டார்கள். ஏன் திறந்தீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் சொன்ன காரணம், ‘யாருடையது என்று பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாம் என்றுதான்’. பொய் என்று நான் நினைக்கவில்லை. நம் லேப்களில் கிடைத்தாலும் இதேதான் நடக்கும். பாவம், யாரோ ரெக்கார்டு பிரின்ட் எடுக்க வைத்திருந்தது, நாளைக்குப் பிராக்டிகல் என்று உடனே செருகிப் பார்ப்பார்கள்.

கீழ்ப்படிதல் இன்னும் சிக்கலானது, ஏனென்றால் அதைப் பழக்கிவிடுவது நாங்கள்தான். டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் வகுப்புப் பிரதிநிதியான சி.ஆர். ஒரு கூகுள் ஃபார்ம் லிங்க்கைப் போடுவார். ‘இன்று மாலை 4 மணிக்குள் நிரப்பவும். நிரப்பாதவர்கள் பெயர் எச்ஓடியிடம் போகும்.’ உள்ளே ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், அப்பாவின் போன் நம்பர், பிறந்த தேதி எல்லாம் இருக்கும். அது நிஜமாகவே கல்லூரியின் ஃபார்ம்தான். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், அப்படித் திரட்டிய எக்செல் கோப்பை முழுசாக அப்படியே குரூப்பில் போட்டு, ‘உங்கள் விவரம் சரியா என்று பார்த்துக்கொள்ளவும்’ என்றார்கள். இருநூறு பேருடைய ஆதார் எண் இருநூறு பேருடைய போனில். யாரிடம் போய்ச் சொல்வது?

இப்படி நாலு வருடம் பழக்கிவிட்டு, வருஷத்துக்கு ஒருநாள் கருத்தரங்கு நடத்தி ‘தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள்’ என்று சொன்னால் எடுபடாது. அவசரம், மிரட்டல், மேலிடத்துப் பெயர், தனிப்பட்ட விவரம் கேட்பது என்று மோசடிச் செய்திக்கு உண்டான எல்லா லட்சணமும் எங்கள் அறிவிப்பில் இருக்கிறது. மாணவர் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பார்?

துணைவேந்தர், முதல்வர் படங்களை வாட்ஸ்அப் முகப்பில் வைத்துக்கொண்டு, “மீட்டிங்கில் இருக்கிறேன், அவசரமாகக் கொஞ்சம் கிஃப்ட் கார்டு வாங்கி அனுப்புங்கள்” என்று பேராசிரியர்களிடமே கேட்கிற மோசடி பல பல்கலைக்கழகங்களைச் சுற்றிவந்தது. முனைவர் பட்டம் பெற்றவர்களே மேலிடத்துப் பெயரைக் கண்டதும் வாங்கி அனுப்பினார்கள். மாணவரிடம் என்ன எதிர்பார்ப்பது?

நான் இப்போது வகுப்பில் சொல்வது ஒன்றுதான். என் பெயரில், என் படத்தோடு எது வந்தாலும், பணமோ விவரமோ கேட்டால் எனக்குப் போன் போட்டுக் கேள். நான் வகுப்பில் இருந்தால் காத்திரு. ‘சாரையே சந்தேகப்படறியா’ என்று நான் கேட்கமாட்டேன். இதை ஆசிரியர்தான் முதலில் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். மாணவராகக் கேட்கமாட்டார்.

நண்பனிடம் என்ன ரகசியம்

ஹாஸ்டலில் ஒருவனுடைய போன் பேட்டர்ன் அறையில் இருக்கும் நாலு பேருக்கும் தெரியும். “மச்சி, உன் போன்ல ஒரு சாப்பாடு ஆர்டர் போட்டுக்கறேன்” என்றால் எடுத்துக்கோ என்றுதான் பதில். தரமாட்டேன் என்றால் அவன் நண்பனே இல்லை. காதலில் இது இன்னும் முற்றிவிடும். இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டைக் கொடுத்தால்தான் அன்பு உண்மை. ஆறு மாதத்தில் பிரிந்துவிடுவார்கள், பாஸ்வேர்டை மட்டும் மாற்ற மறந்துவிடுவார்கள். பிரிவுக்குப் பிறகு வரும் புகார்களில் ‘ஹேக் பண்ணிட்டாங்க’ என்று சொல்லப்படுவதில் எத்தனையோ, கொடுத்த பாஸ்வேர்டில் உள்ளே போனதுதான். இன்னொருவரின் பாஸ்வேர்டை மோசடியாகவோ நேர்மையற்ற நோக்கத்தோடோ பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்று வருடம் வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம் என்று சொன்னால், பிள்ளைகள் நம்பாமல் சிரிக்கிறார்கள்.

வாட்ஸ்அப் கணக்கைக் கைப்பற்றும் ஒரு பழைய தந்திரம் முழுக்க நட்பை வைத்தே ஓடுகிறது. நண்பனின் எண்ணிலிருந்து செய்தி வரும்: “சாரி டா, ஒரு ஆறு இலக்கக் கோடு தப்பா உன் நம்பருக்கு வந்துடுச்சு, அனுப்பு.” அனுப்பிய அடுத்த நிமிடம் உன் கணக்கு போய்விடும், அங்கிருந்து உன் நண்பர்களுக்கு இதே செய்தி போகும். ஓடிபியை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது இவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ‘யாரிடமும்’ என்றால் அவர்கள் மனதில் நிற்பது முகம் தெரியாத வங்கி அதிகாரிதான். நண்பன் அந்தச் சொல்லுக்குள் வருவதில்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி ஒரு ஆறு இலக்க பின் வைத்துவிட்டால், அந்தக் கோடு போனாலும் கணக்கு லேசில் போகாது. ஒரு நிமிட வேலை. எனக்குத் தெரிந்து வகுப்பில் கால்வாசிப் பேர்கூட வைத்திருக்கவில்லை.

அவசரமும் தேவையும்

ஏமாந்தவர்களை விசாரித்தால் இரண்டு விஷயம் திரும்பத் திரும்ப வரும். ஒன்று நேரம்: நடுராத்திரி, பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசி நாள், பஸ்ஸில் நின்றுகொண்டே. இன்னொன்று காசு. சோம்பேறித்தனமும் பேராசையும்தான் காரணம் என்று சொல்லும் பெரியவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. மெஸ் பில் கட்ட முடியாத பையன் பகுதி நேர வேலை தேடுவது பேராசையா?

அந்த வேலை இப்படி வரும். டெலிகிராமில் ஒரு குரூப். யூடியூப் வீடியோவுக்கு லைக் போடு, ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடு, நூற்றைம்பது ரூபாய். நிஜமாகவே கணக்கில் வந்து விழும், அங்கேதான் நம்பிக்கை வருகிறது. அடுத்து ‘ஆயிரம் கட்டினால் 1,300’. அதுவும் வரும். அதற்கடுத்து ஐயாயிரம், பிறகு பதினைந்தாயிரம். இப்போது திரையில் லாபம் தெரியும், எடுக்க முடியாது. எடுக்க வேண்டுமென்றால் ‘வரி’ கட்டச் சொல்வார்கள். போட்ட பணத்தை மீட்க இன்னும் போடுவது, அதற்கு நண்பர்களிடம் கடன், பிறகு கடன் ஆப். வெள்ளம் தலைக்கு மேல் போனபின் சாண் என்ன முழம் என்ன என்ற நிலைக்கு வந்துவிடுகிறார்கள். முதல் ஆயிரம் கட்டும்போது ஒருவனாவது பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லியிருந்தால் நின்றிருக்கும். ‘வேலை கொடுப்பவன் ஏன் என்னிடம் பணம் கேட்கிறான்’ என்ற ஒரு கேள்வி போதும். பிளேஸ்மென்ட் சீசனில் ‘டிரெய்னிங் ஃபீஸ்’ கேட்டு வரும் வேலை உத்தரவுகளுக்கும் அதே கேள்விதான்.

இதைவிட ஆபத்தான ஒன்று கல்லூரி வட்டாரங்களில் நடக்கிறது. வங்கிக் கணக்கை வாடகைக்கு விடுவது. ‘உன் பேரில் ஒரு அக்கவுண்ட் ஆரம்பி, ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடு, ஐயாயிரம் தரேன்.’ சீனியரே கேட்பார். கொடுப்பவருக்கு அது தப்பு என்றே தோன்றாது, தன் பணம் ஒன்றும் போகவில்லையே. பிறகு எங்கோ ஒரு ஊரில் ஒரு முதியவரிடம் மிரட்டிப் பறித்த லட்சங்கள் அந்தக் கணக்கு வழியாகப் போயிருக்கும். போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டு வாசலில். அதன் பிறகு பாஸ்போர்ட், வேலைக்கு முன் நடக்கும் போலீஸ் விசாரணை எல்லாமே இழுபறிதான்.

இங்கிலீஷில் இருந்தால் உண்மை

இதைப் பற்றி யாரும் பேசி நான் பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளில் பலர், திரையில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தால் படிப்பதில்லை. ‘அலவ்’ எங்கே இருக்கிறது என்று தேடி அழுத்திவிடுகிறார்கள். டார்ச் லைட் ஆப் எதற்குத் தொடர்புப் பட்டியலைக் கேட்கிறது என்று கேட்டால், “அப்படியா கேட்டுச்சு?” என்கிறார்கள். நாமும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அடையாளம் என்ன? ‘எழுத்துப்பிழை இருந்தால் போலி.’ ஆங்கில இலக்கணத்தில் பிழை கண்டுபிடிக்கத் தெரியாதவருக்கு அந்த அறிவுரையால் என்ன பயன்? இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதிக்கொடுக்கும் போலிக் கடிதத்தில் பிழையே இருப்பதில்லை என்பது வேறு. மொழியை விட்டுவிட்டு, அது என்ன செய்யச் சொல்கிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லலாம். பணம், பாஸ்வேர்ட், கோடு, ஆப் இறக்குவது, இதில் ஒன்றைக் கேட்டால் நிறுத்து. கல்யாணப் பத்திரிகை என்று வரும் கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது பத்திரிகை இல்லை, ஆப். இதற்கு ஆங்கில இலக்கணம் வேண்டாம்.

ஜெராக்ஸ் கடை அண்ணன்

கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பாருங்கள். சுவரில் கடையின் வாட்ஸ்அப் எண் ஒட்டியிருக்கும். ஆதார், மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக் எல்லாம் அந்த எண்ணுக்குப் போகும், பிரின்ட் வரும். கோப்பு அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸில் கிடக்கும், போன வருடத்து மாணவர்களுடையதோடு சேர்ந்து. அண்ணன் நல்லவர். அந்தக் கம்ப்யூட்டரில் யார் யார் உட்காருகிறார்கள் என்பது அண்ணனுக்கே தெரியாது. சிலர் அங்கேயே தங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து பிரின்ட் எடுத்துவிட்டு, லாக் அவுட் செய்யாமல் கிளம்பிவிடுவார்கள்.

2022 மே மாதக் கடைசியில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள், இணைய மையத்தில் இறக்கினால் கோப்பை அழித்துவிடுங்கள் என்று ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஊரே பதறியது. தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது என்று இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். பெற்றாலும் பெறாவிட்டாலும் யோசனை நல்ல யோசனைதான், மறைக்கப்பட்ட ஆதார் இன்றைக்கும் ஆதார் ஆணையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பென்டிரைவில் கொண்டுபோனால் வைரஸ், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நகல் தங்கிவிடும் என்ற நிலையில், பிரின்ட் எடுத்த கையோடு “அண்ணே, அதை டெலீட் பண்ணிடுங்க” என்று நின்று பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும்.

பயமுறுத்தியே பழக்கிவிடலாம் என்பது

இது எங்கள் பக்கத்துத் தவறு. முப்பது நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்ட் மாற்று, பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று என்று லேபில் விதி போட்டோம். பிள்ளைகள் கடைசியில் இருந்த 1-ஐ 2 ஆக்கினார்கள், அடுத்த மாதம் 3. இந்த மாதிரி விதிகளுக்கு மூலமாக இருந்தது அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டியின் ஆவணம், அதை 2003-இல் எழுதியவர் பில் பர். தான் எழுதியதில் பெரும்பகுதிக்கு வருந்துவதாக 2017-இல் அவரே சொன்னார். அதே வருடம் அந்த அமைப்பும் விதியை மாற்றி, நீளமான பாஸ்வேர்ட் போதும், காரணமில்லாமல் மாற்றச் சொல்ல வேண்டாம் என்றது. நம் ஊர் லேப்களுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

போலி மின்னஞ்சல் அனுப்பிச் சோதித்து, மாட்டியவருக்கு அங்கேயே பாடம் நடத்துவதும் நினைத்த அளவுக்கு வேலை செய்வதில்லை. ஸ்விட்சர்லாந்தில் ஒரு பெரிய நிறுவனத்தில் 14,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை 15 மாதம் கவனித்து ஈடிஎச் சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் எழுதினார்கள்: அப்படிப் பாடம் பார்த்தவர்கள் தேறவில்லை, பிறகு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே ஏமாந்தார்கள். பாடம் வந்துவிட்டது, இனி நிறுவனமே நம்மைக் காப்பாற்றும் என்று நினைத்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

வெளியே சொன்னால் அசிங்கம்

இந்தியானா ஆய்வில் ஒரு பகுதியை மேலே சொல்லாமல் விட்டேன். ஆய்வு முடிந்ததும் மாணவர்களிடம் உண்மையைச் சொல்லி, கருத்து எழுத ஓர் இடம் கொடுத்தார்கள். நூற்றுக்கணக்கில் எழுதினார்கள். கோபப்பட்டார்கள், திட்டினார்கள், நான் ஏமாறவே இல்லை என்றார்கள். 72 சதவீதம் பேர் விழுந்த இடத்தில், ‘நான் ஏமாந்துவிட்டேன்’ என்று ஒருவர்கூட எழுதவில்லை.

இங்கே இதற்கு விலை அதிகம். பணம் போனால் அப்பாவுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் போனைப் பிடுங்குவார்கள், பெண்பிள்ளை என்றால் படிப்பையே நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். வீடியோ அழைப்பில் பேசிப் படம் பிடித்து மிரட்டும் கும்பல் பிழைப்பதே இந்தப் பயத்தில்தான். ஒருமுறை பணம் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள், கொடுப்பவர் என்று தெரிந்ததும் தொகை ஏறுகிறது. கொடுக்காமல், மிரட்டலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு புகார் செய்வதுதான் வழி. அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க, 18 வயது நிரம்பியவர்களுக்கு ஸ்டாப் என்சிஐஐ என்ற தளமும் இருக்கிறது. படத்தை அங்கே ஏற்ற வேண்டியதில்லை. அது போனிலேயே இருக்கும், அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் போகும், அதை வைத்துச் சேர்ந்திருக்கும் சமூக ஊடகங்கள் தடுக்கும்.

பணம் போயிருந்தால் அழைக்க வேண்டிய எண் 1930. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. போன பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், கடைசியில் யாரோ ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். அதற்கு முன் அது எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே முடக்க முடிந்தால் மீட்கலாம். அழைக்கும்போது பரிவர்த்தனை எண், நேரம், தொகை, எந்த வங்கி என்பது கையில் இருக்க வேண்டும். அப்புறம் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் எழுத்து மூலமாகவும் பதிய வேண்டும். இதில் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு, வெட்கத்தில் சாட் முழுவதையும் அழித்து, அந்த எண்ணை பிளாக் செய்துவிடுவது. போலீஸுக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

சைக்கிள் விற்ற பையன் என்னிடம் வந்தது பணம் போய் மூன்றாம் நாள். அவன் ரூம் மேட்டுக்கே தெரியாது. சாட்டை அழித்திருந்தான். 1930-க்கு என் போனிலிருந்து போட்டோம், அதற்குள் அந்தப் பணம் எடுக்கப்பட்டிருந்தது.

இந்த வருடமும் தேர்வு வைத்தேன். பத்துக் கேள்வியோடு பதினொன்றாவதாக ஒன்று சேர்த்தேன்: ‘உன் பணம் போய்விட்டால், முதல் ஒரு மணி நேரத்துக்குள் யாரிடம் சொல்வாய்? பெயர் எழுது.’ முதல் பத்துக் கேள்விகளுக்கும் வழக்கம்போல நல்ல மதிப்பெண். பதினொன்றாவது கேள்வியை இருபத்தொரு பேர் காலியாக விட்டிருந்தார்கள்.